இரவல் ரேகை

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மழைக்காலத்தில் சலவைக்கூடத்துக்கும் அப்படித்தான். வானம் துணியைக் காய விடாது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அது காயும்வரை காத்திருக்க மாட்டார்கள். நடுவில் கிடந்து அல்லாடுகிறவர்கள் பெரியவளும் சின்னவளும். அண்ணன் தம்பி இருவருக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். ஒரே அடுப்பு, ஒரே கூரை, பகலெல்லாம் ஒரே வெளுப்புத் தொட்டி. பெரியவளின் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். ஆஸ்பத்திரிக்கும் லாட்ஜுகளுக்கும் போய் அழுக்கு மூட்டைகளை அள்ளி வருவார், வெளுத்து மடித்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பார். சின்னவளின் புருஷனுக்கு வெந்நீர்க் கொதிகலனோடு மல்லுக்கட்டும் வேலை. அவனைக் கூடத்தில் எல்லோரும் ‘பாய்லர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பார்க்கிற வேலைக்கும் குணத்துக்கும் சேர்த்து ஒரே பெயராக அமைந்துவிட்டதில் எல்லோருக்கும் திருப்தி.

அன்று காலையிலிருந்தே தூறல். பெரியவள் முழங்கை வரைக்கும் வெளுப்புத் தண்ணீரில் கையை விட்டு, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் வேனிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். சின்னவள் பின்கட்டில் காற்றாடியைப் போட்டு ஈரத்துணியோடு போராடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக ஒரு பையன் மோட்டார் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். கையிலிருந்த போனைப் பார்த்து, பெரியவளின் முழுப்பெயரையும் வீட்டுக்காரர் பெயரையும் ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தான்.

"நான்தான் தம்பி. என்ன வேணும்?"

"முதல் தவணை இன்னும் வரலீங்களேம்மா. அதான் நேர்ல பாத்துட்டுப் போலாம்னு."

"எதுக்குத் தவணை?"

"ஸ்கூட்டருக்குத்தான்."

பெரியவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "யாரு, நானா? சைக்கிள்ல பின்னாடி உக்காந்தாலே எனக்குத் தலை சுத்தும். நீ வேற யாரையோ தேடி வந்திருக்கே. வந்ததுதான் வந்தே, மழையில நனைஞ்சிருக்கே, டீ குடிச்சுட்டுப் போ."

"டீ இருக்கட்டும்மா. இதைப் பாருங்க." போனைத் திருப்பிக் காட்டினான். நீல நிறத்தில், சீட்டுக்கு மேலே பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புத்தம் புது ஸ்கூட்டர். கீழே அவள் பெயர். "உங்க பேர்ல கடன். போன மாசம் எடுத்தது. ஆள் மாறியிருக்க வழியே இல்ல. பேரு மாறும், போட்டோ மாறும், விரல் மாறுமா? நீங்க விரல் வச்சுத்தான் கடன் ஓகே ஆகியிருக்கு."

விரல் என்ற சொல் காதில் விழுந்ததும் பெரியவளின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அது நின்றதை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வசூல்காரன், வாரக் கடைசிக்குள் பணம் வராவிட்டால் ஆட்களோடு வருவேன், முதலாளியையும் பார்ப்பேன் என்று மரியாதையாகவே மிரட்டிவிட்டுப் போனான். அவன் பைக் சத்தம் தெருக்கோடியில் தேயும்வரை காத்திருந்து, வீட்டுக்காரர் மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டார்.

"யாருக்கு வாங்கிக் குடுத்தே?"

"யாருக்கும் இல்லீங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாது."

"தெரியாம எப்படி விரல் வச்சே? தூக்கத்துல வச்சியா? எவளாவது கண்ணைக் கசக்கிட்டு வந்து நின்னிருப்பா, நீயும் இளகிப்போய் ஜாமீன் நின்னிருப்பே. சொல்லித் தொலை."

"சத்தியமா இல்லீங்க."

"அப்போ விரல் பொய் சொல்லுதா?"

அவளுக்கு ஒரு பதில் இருந்தது. அந்தப் பதிலை மட்டும் சொல்ல முடியாது. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்கிற கதைதான். ஏனென்றால் பேங்க் கணக்கில் அவள் பெயருக்கு நேரே இருக்கும் விரல் அவளுடையதே இல்லை. அது சின்னவளின் வலது கட்டைவிரல்.

வெளுப்பு நீர் துணியிலிருக்கும் கறையை மட்டும் தின்றுவிட்டு நல்ல பிள்ளையாகப் போய்விடாது. வருஷக்கணக்கில் அதில் கையை ஊறவிட்டால் விரல் நுனியில் இருக்கும் கோடுகளையும் தின்றுவிடும். பெரியவளின் பத்து விரலும் வழுவழுவென்று, பிறந்த குழந்தையின் கன்னம்போல இருக்கும். சம்பளத்தைக் கையில் தரமாட்டோம், பேங்கில்தான் போடுவோம் என்று முதலாளி சொன்ன வருஷம், கணக்குத் திறக்க ஒரு பையன் சின்ன மெஷினோடு கூடத்துக்கே வந்தான். மெஷின் தம்பி என்று அவனுக்குப் பெயராயிற்று. பெரியவளின் விரலை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். மெஷின் சிவப்பாகவே முறைத்தது.

"என்னக்கா இது, கண்ணாடி மாதிரி இருக்கு. மெஷின் ஒண்ணையுமே எடுக்க மாட்டேங்குது. இன்னிக்குள்ள எல்லாரையும் முடிக்கலன்னா எனக்கு ஆபீஸ்ல திட்டு விழும். வீட்டுல வேற யாராவது ஒரு விரலை வைங்களேன். மெஷினுக்கு ஒரு ரேகை வேணும், அவ்வளவுதானே?"

சின்னவள் அப்போது கல்யாணமாகி வந்த புதிது. கையில் வெளுப்புத் தண்ணீர் ஏறாத காலம். "அதுக்கென்ன, என்கிட்டதான் ரெண்டு கட்டைவிரல் இருக்கே. வலது அக்காவுக்கு, இடது எனக்கு," என்று சிரித்துக்கொண்டே வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டாத குறைதான். போன் நம்பர் கேட்டபோது பெரியவளிடம் போன் இல்லை. "பரவால்லக்கா, என் நம்பரையே போட்டுடறேன். ஏதாவது தகவல் வந்தா நானே வந்து சொல்றேன்," என்றான் மெஷின் தம்பி. இந்தக் காலத்தில் இப்படி ஒரு தங்கமான பிள்ளையா என்று கூடமே மெச்சிக்கொண்டது. அன்றிலிருந்து சம்பள நாளில் அவன் மெஷினோடு வாசலுக்கு வருவான். பெரியவள் தொட்டியிலிருந்து கையைக்கூட எடுக்கமாட்டாள். "எனக்கும் சேத்து வச்சுட்டு வாடி," என்று குரல் கொடுப்பாள். சின்னவள் போய் இடதை ஒரு தடவை, வலதை ஒரு தடவை வைத்துவிட்டு, இரண்டு பேர் பணத்தையும் கொண்டுவந்து தருவாள். ஆண்களுக்கு இது தெரியாது. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. அடுப்படி சமாசாரம் போல அதுவும் பெண்களுக்குள்ளேயே நின்றுவிட்டது.

ஆக, அந்த விரலை வைத்துக் கடன் வாங்கியிருக்கக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான். போன மாதம் சின்னவளின் தம்பி அவளைப் பார்க்க வந்திருந்தான். வாசலில் அவன் நிறுத்திவிட்டு வந்தது ஒரு நீல ஸ்கூட்டர். பெரியவள்தான் அவனுக்கு முட்டை பொரித்துப்போட்டுச் சோறு பரிமாறினாள். "வண்டி புதுசா இருக்கே தம்பி," என்று கேட்டதற்கு அவன் நெளிந்தது இப்போது நினைவுக்கு வந்தது.

கேட்டுவிடலாம் என்று பின்கட்டுக்குப் போனாள். சின்னவள் கொடியில் துணி போட்டுக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பெரியவள், "கிளிப் இருக்கா?" என்று கேட்டு, நான்கு கிளிப்பை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். கேட்டு, ஆமாம் என்று அவள் சொல்லிவிட்டால்? பாய்லர் காதுக்குப் போனால் கொதிகலன் வெடித்தமாதிரிதான். அண்ணன் தம்பி இரண்டாகும், அடுப்பு இரண்டாகும். போலீஸ் என்று போனால் சின்னவள் கைக்குத்தான் விலங்கு வரும். தான் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டவளைத் தன் வாயாலேயே எப்படிக் காட்டிக்கொடுப்பது? இல்லை என்று அவள் சொல்லிவிட்டால்? அதை நம்ப முடியுமா என்பது பெரியவளுக்கே தெரியவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க மழை விடவில்லை. விரிப்புகள் பாதி ஈரத்தோடே இஸ்திரிக்குப் போய், கூடம் முழுவதும் வெந்த துணி வாடை. வீட்டுக்காரர் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்தால் சாப்பிடுவார். தண்ணீர் வேண்டுமென்றால் தம்பி பெண்டாட்டியிடம் கேட்பார். வசூல்காரன் அவருடைய போனுக்கு நாளைக்கு இரண்டு மூன்று தடவை அடித்தான். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் பெரியவள் மடித்த துணியை உதறி மறுபடியும் மடித்தாள்.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். சின்னவள் புதுச் செருப்பு வாங்கியிருந்தாள். ஏது காசு என்று தோன்றியது. சின்னவள் அசந்து தூங்கினாள். குற்றவாளிக்கு இப்படித் தூக்கம் வருமா, அல்லது நெஞ்சழுத்தக்காரியா என்று தோன்றியது. விரல் விஷயம் எதுவும் தெரியாத பாய்லர், யாரோ ஒரு ஸ்கூட்டர் கம்பெனிக்காரன் ஆள் மாறி வந்து அண்ணியிடம் டீ குடிக்கப் பார்த்தான் என்று பெண்டாட்டியிடம் கதையாகச் சொல்லியிருந்தான். அவளுக்கு அது போதும்.

"ஸ்கூட்டர் அக்கா, இன்னிக்கு மார்க்கெட்டுக்கு நடந்தா போகணும்? வண்டியை எடேன், பின்னாடி உக்காந்துக்கறேன்."

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

"அட, என்னக்கா இப்படி எரிஞ்சு விழறே? தவணை கட்ட முடியலையா?"

பெரியவளுக்கு அவளைப் பளாரென்று அறையலாம் போலிருந்தது. அறைந்தபின் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் சோப்புத்தூள் டப்பாவை ஓங்கித் தரையில் வைத்தாள். அன்று மாலையே, பொது அலமாரியிலிருந்த பேங்க் அட்டை டப்பாவை எடுத்துத் தன் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். மறுநாள் சின்னவள், "அக்கா, அட்டை டப்பா காணலையே, எங்க வச்சே?" என்று வெகு சாதாரணமாகக் கேட்டாள். பெரியவள், "எலி வருது, அதான்," என்றாள். எலி என்று சொன்னபோது அவளால் சின்னவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வாரக் கடைசியில் லாட்ஜிலிருந்து கம்பளிகள் வந்தன. தண்ணீர் குடித்த கம்பளி, பிழியும் மெஷினுக்கு அடங்காது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து, எதிரெதிராக முறுக்கித்தான் பிழிய வேண்டும். ஒருத்தி அசந்தால் மற்றவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நின்றார்கள். இத்தனை நாளாக ஒதுங்கி ஒதுங்கிப் போன பெரியவள், இப்போது அவளை நேருக்கு நேர் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

"உன் தம்பி நல்லா இருக்கானா?" என்று எங்கேயோ சுற்றி ஆரம்பித்தாள்.

"அவனுக்கென்ன, மருந்துக்கடைக்காரரு வண்டி குடுத்து வீடு வீடா அனுப்பறாரு. பேருதான் வண்டி. எங்க போறான், எத்தனை தூரம் ஓடுச்சுன்னு எல்லாம் கணக்குச் சொல்லணுமாம். அன்னிக்கு இங்க வந்ததுகூட அவருக்குத் தெரியாம. நீ வேற வண்டி புதுசான்னு கேட்டியா, போட்டுக் குடுத்துடுவியோன்னு பயந்துட்டான்."

பெரியவளின் பிடி தளர்ந்தது. கம்பளி சொத்தென்று அவள் காலில் விழுந்தது.

"பாத்துப் பிடிக்கா!"

அவள் குனிந்து முனையை மறுபடியும் எடுத்தாள். "ஏன்டி, போன மாசம் சம்பள அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"என்ன நடக்கும்? வழக்கம்போல வாசல்ல போய் வச்சேன். உன் விரலுக்குத்தான் லேட்டாச்சு."

"என் விரலுக்கா?"

"அதான், வலதுக்கு. இப்பல்லாம் எனக்கும் தேய ஆரம்பிச்சுடுச்சு போல. முதல்ல சிவப்பு. அப்புறம் துடைச்சுட்டு வச்சேன், பச்சை வந்துச்சு. மெஷின் தம்பி, நெட்டு கட்டாயிடுச்சு, இன்னொரு தடவை வைங்கன்னான். வச்சேன். அப்புறமும் ஒரு தடவை வைக்கச் சொன்னான். ஏதோ மெசேஜ் வருதான்னு அவன் போனையே பாத்துட்டிருந்தான். அப்புறம் பணத்தைக் குடுத்துட்டான்."

"பச்சை வந்த பிறகும் வச்சியா?"

"வைக்கச் சொன்னான், வச்சேன். சீட்டுக் கேட்டேன், பேப்பர் தீந்துபோச்சுன்னான். ஏன்க்கா, பணம் குறையுதா?"

பெரியவள் கம்பளியைத் தரையில் போட்டுவிட்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தது சந்தோஷம்தான். இவள் இல்லை, இவள் இல்லை என்று உள்ளே ஒன்று குதித்தது. அந்தச் சந்தோஷம் ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. பச்சை விளக்குக்குப் பிறகு வைத்த விரல் ஒவ்வொன்றும் எதற்கு என்று புரிய ஆரம்பித்தது. திருடன் அவனென்றாலும் விரல் இவளுடையது. கேட்கிறவன் கண்ணுக்கு இவள்தான் திருடி.

வசூல்காரன் சொன்னதையெல்லாம் அப்போதுதான் அவள் சின்னவளிடம் சொன்னாள். தன் மனதில் ஓடியதை மட்டும் விழுங்கிவிட்டாள். சின்னவள் தன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள். ஏதோ கடித்துவிட்ட இடத்தைப் பார்ப்பதுபோல அவள் பார்த்தது பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. மெஷின் தம்பியின் நம்பருக்கு வீட்டுக்காரர் போனிலிருந்து அடித்தார்கள். அணைத்து வைத்திருந்தான்.

"வாக்கா, பேங்குக்குப் போலாம்," என்றாள் சின்னவள்.

"நீ வாயே திறக்கக் கூடாது. நான் பேசிக்கறேன்."

பேங்கில் மானேஜர் மேடத்தின் மேஜைக்குப் பக்கத்தில் விரித்த குடை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. மேடத்துக்கு ஜலதோஷம். பெரியவள் சொல்லி முடிக்கும்வரை மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு மேஜைமேலிருந்த மெஷினை முன்னால் தள்ளினாள்.

"முதல்ல நீங்கதான் நீங்கன்னு பாத்துக்கறேன். விரலை வைங்கம்மா."

பெரியவள் வைத்தாள். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. எல்லா விரலையும் ஒரு சுற்று வைத்துப் பார்த்தாயிற்று.

"உங்க விரல்ல ரேகையே இல்லையே. அப்போ இந்தக் கணக்குல இருக்கறது யார் விரல்?"

"அது… ஒருத்தி குடுத்தா மேடம். எனக்கு எடுக்கலைன்னு உதவியா வச்சா."

"யாரு? எங்க இருக்காங்க?"

"செத்துப் போயிட்டா."

பின்னால் நின்றிருந்த சின்னவளுக்குப் புரையேறியது.

"எப்போ?"

"அது ஆச்சு மேடம்… ரெண்டு வருஷம்."

மேடம் திரையைப் பார்த்தாள். "போன மாசம் இந்த விரல் பணம் எடுத்திருக்கே. அதுக்கு முந்தின மாசமும் எடுத்திருக்கு. செத்தவங்க மாசாமாசம் எழுந்து வந்து சம்பளம் வாங்கிட்டுப் போறாங்களா?"

அப்போது சின்னவள் அவளைக் கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"நான் சாகலைங்க. என் விரல்தான்."

"சும்மா இருடி!"

"நீ சும்மா இருக்கா. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா எனக்குப் பால் ஊத்தி காரியமே பண்ணிடுவே."

அவள் வலது கட்டைவிரலை முந்தானையில் துடைத்து மெஷினில் வைத்தாள். சிவப்பு.

"இன்னொரு தடவை வைங்க," என்றாள் மேடம்.

சின்னவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "எதுக்கு வைக்கறேன்? அந்த ஸ்க்ரீனை இந்தப் பக்கம் திருப்புங்க. பாத்துட்டு வைக்கறேன்."

மேடத்துக்கு ஒரு கணம் முகம் சிவந்தது. பிறகு திரையைத் திருப்பி வைத்தாள். "இதை அன்னிக்கே அவன்கிட்ட கேட்டிருந்தா நீங்க இங்க வந்திருக்கவே வேண்டாம். பாருங்க, இது அடையாளம் பாக்க மட்டும்."

இரண்டாவது தடவை பச்சை எரிந்தது. திரையில் பெரியவளின் பெயர் வந்தது. சின்னவளின் விரலுக்குக் கீழே பெரியவளின் பெயரும் வயதும் முகமும் வந்து நிற்பதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

மேடம் எல்லாவற்றையும் நிதானமாக விசாரித்தாள். தகவலெல்லாம் மெஷின் தம்பியின் நம்பருக்குப் போனதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "திருடன் வர்றான்னு சொல்றதுக்கு மணி கட்டினா, அந்த மணியைத் திருடன் வீட்டுலயே கட்டியிருக்கீங்களே! முதல்ல நம்பரை மாத்தணும். விரலைப் பூட்டிடறேன், இனிமே நீங்க வந்து திறந்தாத்தான் வேலை செய்யும். சீட்டு வராம ரெண்டாவது தடவை எங்கயும் வைக்காதீங்க. கடனை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதறேன். ஆனா விரலை இரவல் குடுத்ததும் தப்பு, வாங்கினதும் தப்பு. போலீஸ்ல கூப்பிட்டு விசாரிப்பாங்க. என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது." அவள் பெரியவளைப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. இவங்க உங்களுக்குத் தெரிஞ்சு விரல் வச்சாங்களா, தெரியாம வச்சாங்களா? தெரியாமன்னா உங்க மேல எதுவும் வராது."

சின்னவள் அவள் காதருகே குனிந்தாள். "தெரியாதுன்னு சொல்லிடுக்கா. ஜெயில்ல போட்டாலும் துணி துவைக்கத்தானே சொல்லப்போறாங்க. அது எனக்குப் பழக்கம்தான்."

"நான்தான் வைக்கச் சொன்னேன் மேடம்," என்றாள் பெரியவள். "ஒவ்வொரு மாசமும் நான்தான் அனுப்பினேன். அப்படியே எழுதிக்குங்க."

மேடம் எழுதிக்கொண்டாள். "சரி, கடைசியா ஒண்ணு. உங்களுக்கு விஷயம் தெரிஞ்சது எப்போ?"

"ஒரு வாரம் இருக்கும், வசூல்காரன் வந்தப்போ."

மேடம் பேனாவை நிறுத்தினாள். "அன்னிக்கே வந்திருக்கலாமே! அந்த ஆள் நேத்து வரைக்கும் செங்கல் சூளையில மெஷின் வச்சுட்டு உக்காந்திருக்கான்னு காலையிலதான் புகார் வந்துச்சு. இந்த வாரத்துல மட்டும் அங்க மூணு பொம்பளைங்களை ஏமாத்தியிருக்கான். அவங்களுக்கும் விரல் தேஞ்சுதான் இருக்கு. நீங்க அன்னிக்கு வந்திருந்தா கையும் களவுமா பிடிச்சிருப்போம். இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீங்க?"

மழை என்று சொல்லலாம். வேலை என்று சொல்லலாம். இரண்டுமே பாதி உண்மைதான். வாய்வரைக்கும் வந்த பொய்யை, பக்கத்தில் மேஜைமேல் இருந்த அந்தக் கட்டைவிரல் நிறுத்திவிட்டது. அது இன்னும் ஈரமாக, மெஷின் பக்கத்திலேயே, எப்போது கேட்டாலும் வைக்கத் தயாராக இருந்தது.

"இவதான் எடுத்திருப்பான்னு நினைச்சுட்டேன் மேடம்," என்றாள். "கேக்க பயந்துட்டு இருந்துட்டேன்."

சின்னவள் கையை மேஜையிலிருந்து எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அப்புறம் மேடம் கேட்டதற்கெல்லாம் ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொன்னாள். விரலைப் பூட்டுவதற்கு ஒரு தடவை வைக்கச் சொன்னபோது, திரையைப் பார்த்துவிட்டு வைத்தாள். சீட்டுக் கேட்டு வாங்கி, படித்து, மடித்துப் பெரியவளிடம் நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே மழை வலுத்திருந்தது. லாட்ஜுக்கு மூட்டை கொடுக்கப் போயிருந்த வீட்டுக்காரரின் வேன் அந்த வழியாகத் திரும்பி வருவதற்கு நேரமிருந்தது. பேங்க் படிக்கட்டில், கூரைக்குக் கீழே இருந்த கொஞ்ச இடத்தில் இருவரும் நின்றார்கள். தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முழங்கால் நீரில் போனார்.

"ஏதாவது பேசுடி," என்றாள் பெரியவள். "திட்டு. ரெண்டு அடி வேணும்னாலும் அடி."

சின்னவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அந்த ஸ்கூட்டர் நீலமா இருந்துச்சு. உன் தம்பி வண்டியும் நீலமா இருந்துச்சு. புத்தி கெட்டுப்போச்சு."

"எலின்னியே, அது நான்தானா?"

பெரியவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"செத்துட்டான்னு சொன்னியே, அது எனக்கு வலிக்கலக்கா. நீ என்னைக் காப்பாத்தத்தான் சொல்றேன்னு தெரிஞ்சுது. உள்ளுக்குள்ள சிரிப்புக்கூட வந்துச்சு." சின்னவள் அவள் பக்கம் திரும்பினாள். "ஒரு வாரம். ஒரே பானையில சோறு தின்னோம். ஒரே பாயில உக்காந்து, கால் வலிக்குதுன்னு உன் காலை நான் பிடிச்சு விட்டேன். அப்பக்கூட அதைத்தான் நினைச்சுட்டு இருந்தியா?"

"ஆமா."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே, எத்தனை தடவை வச்சேன்னு. அந்தச் சூளைப் பொம்பளைங்களாவது தப்பிச்சிருப்பாங்களே."

"நீ ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம். இல்லைன்னு சொன்னா நம்புவேனான்னு அதைவிடப் பயம்."

தெருமுனையில் வேன் திரும்புவது தெரிந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு, தண்ணீரை இரண்டு பக்கமும் வாரி அடித்துக்கொண்டு மெதுவாக வந்தது. வீட்டுக்காரர் ஹாரன் அடித்தார். பெரியவள் படியிறங்கப் போனாள். சின்னவள் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"கேளுக்கா."

"என்னத்தைடி?"

"ஒரு வாரமா தொண்டைக்குள்ள வச்சிருந்தியே, அதை. இப்பக் கேளு."

"இப்போ எதுக்குடி அது? அதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே."

"மெஷின் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டே. மேடம் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டே. என்கிட்ட நீ இன்னும் கேக்கல. கேக்காம நான் வண்டியில ஏற மாட்டேன்."

ஹாரன் மறுபடியும் அடித்தது. பெரியவள் அவளைப் பார்த்தாள். மழைச் சாரல் இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. கேட்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"நீதான் எடுத்தியாடி?"

"இல்லக்கா," என்றாள் சின்னவள்.